களமருதூர் நிலமும் முப்பது வருடப் பத்திரமும்

யாராவது மேடையில் நின்று சிரித்த முகத்தோடு சலுகை அறிவித்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எந்தக் கட்சி, எந்த அரசு, தில்லியா சென்னையா என்ற பேதம் கிடையாது. வரியைக் குறைக்கிறோம் என்றாலும் எரிகிறது, உதவித்தொகையைக் கூட்டுகிறோம் என்றாலும் எரிகிறது. கேட்டுவிட்டுக் கைதட்டுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. அப்படிக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். என் தங்கையின் நிலம் போனதில் அந்தக் கைதட்டலுக்கும் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு எனக்கு உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். எனக்கு ஒரே தங்கை. களமருதூரில் கட்டிக்கொடுத்தோம். அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது கொஞ்சம் நிலம்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெரிய நெல் வயல் சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்துடையது. அதைத்தான் குத்தகைக்கு எடுத்துத் தங்கையும் மாப்பிள்ளையும் பயிர் செய்தார்கள். அவள் கல்யாணமாகிப் போன நாளிலிருந்து நாற்று நட்டது, களை எடுத்தது, பாம்பு கடித்துப் பிழைத்தது எல்லாம் அந்த வயலில்தான்.

சாலை விரிவாக்கத்துக்கு அவர்களுடைய சொந்த நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். இழப்பீடு வந்தது. தங்கைக்கு ஒரே எண்ணம். சென்னைக்காரர்கள் என்றைக்காவது அந்த வயலை விற்பார்கள், விற்கும்போது குத்தகைதாரரிடம்தான் முதலில் கேட்பார்கள், அன்றைக்குக் கையில் முழுப் பணம் இருக்க வேண்டும். அதுவரை பணம் கரையக்கூடாது.

அதற்கு அவளிடமே ஒரு வழி இருந்தது. எங்கள் பக்கத்தில் பணம் இருப்பவர்கள் போக்கியம் பிடிப்பார்கள். நிலக்காரருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மூன்று வருடமோ ஐந்து வருடமோ நிலத்தை வாங்கி உழுதுகொள்வது. வட்டி கிடையாது, குத்தகை கிடையாது. கெடு முடிந்ததும் கொடுத்த தொகை அப்படியே திரும்பும். நடுவில் பணம் தேவைப்பட்டால் தனக்குப் பதிலாக வேறு ஒருவரை நிறுத்தி, அவரிடம் அதே தொகையை வாங்கிக்கொண்டு விலகிவிடலாம். கொடுத்ததற்கு மேலே கேட்பதோ, கீழே கேட்பதோ வழக்கமில்லை. ஆள் மாற்றும்போது தொகையில் பேரம் பேசுகிறவனை ஊரில் மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் சொன்னாள்.

"பக்கத்தூர்ல ரெண்டு ஏக்கரா போக்கியத்துக்கு வருதுண்ணா. புடிச்சிடலாம்னு பாக்கறோம். நீ இன்னா சொல்ற?"

"போக்கியம்தானே வேணும்? கவர்மென்டுகிட்டயே போக்கியம் புடி."

"கவர்மென்டு நெலம் குடுக்குமா?"

"வட்டி குடுக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உன் கணக்குல வந்து விழும். முப்பது வருஷம் கழிச்சி முழுப் பணமும் திரும்பும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "முப்பது வருஷத்துல நான் இருக்க மாட்டேன் மச்சான். ஒங்க தங்கச்சி வேணா இருப்பா. என்னை அனுப்பி வெச்சிட்டு அவ ஜாலியா வட்டி வாங்கிக்கினு ஒக்காந்திருப்பா."

"நடுவுல வேணும்னா வித்துக்கலாம் மாப்ள. கட்டாயம் ஒண்ணும் இல்ல."

"அப்ப போக்கியத்துல ஆளு மாத்தறோமே, அது மாதிரியா?" என்று தங்கை கேட்டாள்.

"அதேதான்" என்றேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு சொல்லைப்போல எதுவும் என்னை அறுக்கவில்லை. அரசுப் பத்திரத்தை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம் என்பது உண்மை. என்ன விலைக்கு விற்கும் என்பதுதான் கேள்வி. அவள் கேட்டதும் அதைத்தான். தெரிந்தே அதைத் தாண்டிப் போனேன்.

தெரிந்தே என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பத்திரத்துக்கு எத்தனை சதவீத வட்டி என்பது வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. பிறகு அரசு அதைவிடக் கூடுதல் வட்டிக்குப் புதுப் பத்திரம் விட்டால், குறைந்த வட்டி தரும் பழைய பத்திரத்தை முழு விலை கொடுத்து எவன் வாங்குவான்? விலையைக் குறைத்தால்தான் போகும். முப்பது வருடப் பத்திரமென்றால் முப்பது வருடத்து வட்டிக் குறையையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். காலம் நீள நீள அடி பலமாக விழும். இது முதல் வருட மாணவனுக்கே நான் நடத்திய பாடம்.

அரசுக்கு நீண்ட காலத்துக்குக் கடன் கொடுப்பவர்கள் ஏன் கூடுதல் வட்டி கேட்கிறார்கள் என்பதற்கும் நான் போக்கியத்தைத்தான் உதாரணமாகச் சொல்வேன். என் அப்பா காலத்தில் பக்கத்து ஊரில் ஒரு பெரிய நிலக்காரர் இருந்தார். ஊரில் செல்வாக்கு. ஒருவருடைய பணத்தையும் ஏமாற்றியதில்லை. ஆனால் திருவிழா, தேர்தல், பெண் கல்யாணம் என்று வருடாவருடம் செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு போக்கியத்தைத் தீர்க்க இன்னொரு போக்கியம் விட்டார். அப்போதும் ஒரு வருடத்துக்கு என்றால் யாரும் தயங்காமல் பணம் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்கு என்றால் மட்டும், "வரப்பு மேல இருக்கற புளியமரத்தையும் சேத்து எழுதுங்க" என்று கேட்டார்கள். இந்த வருடம் அவர் எப்படி இருக்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம். ஐந்தாவது வருடம் எத்தனை போக்கியம் விட்டிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தெரியாமைக்கு விலை, புளியமரம்.

வகுப்பில் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பையன் எழுந்து, "அப்போ கவர்மென்டுகிட்டயும் புளியமரம் கேப்பாங்களா சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "கேப்பாங்க. அரசாங்கம் கையை விட்டுச் செலவு பண்ணும்போதெல்லாம் இன்னும் பெரிய மரமா கேப்பாங்க" என்றேன். பரீட்சைத் தாளில் பாதிப் பேர் புளியமரம் என்றே எழுதி வைத்தார்கள். நானும் மதிப்பெண் போட்டேன்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் தங்கையை முப்பது வருடப் பத்திரத்தில் தள்ளினேன். ஏன் என்றால், கெட்டிக்காரத்தனம். வங்கி வட்டி விகிதங்கள் குறையப் போகின்றன என்று நான் கணித்திருந்தேன். வட்டி குறைந்தால் பழைய பத்திரங்களின் விலை ஏறும், நீண்ட காலப் பத்திரம் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறும். தங்கை நிலம் வாங்கப்போகிற நாளில், "போட்டதைவிட எவ்வளவு கூட வந்திருக்கு பார்" என்று அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை முன்னால் கொடுக்க வேண்டும் என்று இன்னும் ஆசை. கணக்கை அவள் பெயரில் தொடங்கி, கைபேசி எண் மட்டும் என்னுடையதைக் கொடுத்தேன். விற்பதற்கான ஓடிபி என் போனுக்குத்தான் வரும். "உனக்கு இதெல்லாம் தொந்தரவு" என்றேன். அவளால் என்னைக் கேட்காமல் ஒரு பத்திரத்தைக்கூட விற்க முடியாதபடி ஆயிற்று.

என் கணிப்பு பலித்தது. வட்டி விகிதத்தைக் குறைத்தார்கள், மறுபடியும் குறைத்தார்கள். வங்கி டெபாசிட்டுக்கு வட்டி இறங்கியது. உடனே தங்கைக்குப் போன் செய்து, "பாத்தியா, நான் சொன்னேனா இல்லையா" என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள். அதற்குப் பிறகு பத்திரத்தின் விலையைப் பார்த்தேன். இறங்கியிருந்தது.

முதலில் ஏதோ தவறு என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. குறுகிய காலக் கடனுக்கு வட்டி இறங்கியிருந்தது. நீண்ட காலக் கடனுக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கம் வரியை விட்டுக்கொடுத்தார்கள். இன்னொரு பக்கம் மாநிலங்கள் ஒன்றை ஒன்று பார்த்து வாக்குறுதி கொடுத்துவிட்டு, பணத்துக்கு அவையும் நீண்ட காலப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அதே சந்தைக்கு வந்தன. அந்தப் பத்திரங்களை வழக்கமாக வாங்கிப் பூட்டிவைக்கிற பெரிய கைகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பென்ஷன் நிதிகள் எல்லாம், "போதும், இனிமேல் வேண்டுமென்றால் கூடுதலாகக் கொடு" என்று உட்கார்ந்துவிட்டன. அரசு பணத்தைத் திருப்பித் தராது என்று ஒருவரும் பயப்படவில்லை. இடைப்பட்ட வருடங்களில் இன்னும் எவ்வளவு கடன் வாங்கும் என்றுதான் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கான கூலி ஏறியது. அந்தக் கூலியைக் கொடுத்தது யார்? அரசு புதுக் கடனுக்குக் கூடுதல் வட்டியாகக் கொடுத்தது. பழைய பத்திரத்தை அவசரத்துக்கு விற்கிறவர்கள் விலைக் குறைவாகக் கொடுத்தார்கள். பாதுகாப்பான முதலீடு, அரசின் உத்தரவாதம் என்று விளம்பரம் செய்கிற ஒருவரும் இதைச் சொல்வதில்லை. சம்பளம் வாங்கி இதைச் சொல்லிக்கொடுத்த நானே சொல்லவில்லையே.

அந்த நேரத்தில்தான் சென்னைக்காரர்களின் மகன்கள் வந்து நின்றார்கள். அப்பா இறந்துவிட்டார், வயலை விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும். முறைப்படி முதலில் தங்கையிடம் கேட்டார்கள். விலையும் நியாயமாகவே சொன்னார்கள். அவள் சங்கிலியை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தாள். தை கடைசிக்குள் மீதி முழுவதும் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும், தவறினால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஒப்பந்தம்.

"அண்ணா, நெலம் வந்துடுச்சிண்ணா. பத்திரத்த வித்துடு" என்று போனில் சொன்னபோது அவள் குரலில் இருந்த துள்ளலை நான் அவளுடைய கல்யாணத்தின்போதுகூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு விலையைப் பார்த்தேன். நூறுக்கு வாங்கியது தொண்ணூற்றைந்துக்குக் கீழே இருந்தது. அதுவும் கோடிக்கணக்கில் விற்கிறவர்களுக்கு. எங்களைப்போலச் சில்லறையாக விற்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் அமுக்கிக் கேட்டார்கள். இடையில் வந்த வட்டி சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் போயிருந்தது. வயலின் விலைக்கும் கிரயப் பதிவுச் செலவுக்கும் சேர்த்தால் கொஞ்சம் துண்டு விழும்.

அந்தக் குறைவை நான் ஈடுகட்டியிருக்கலாம். என் பெயரில் வங்கியில் டெபாசிட் இருந்தது. ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதைச் செய்வதென்றால், "நான் சொன்னது தப்பு, விலை இறங்கிப்போச்சு" என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

"பட்ஜெட் வரைக்கும் பொறு" என்றேன். "இந்தத் தடவை கடனைக் கட்டுப்படுத்துவாங்க. விலை ஏறும். கெடு இருக்கில்ல?"

"இருக்குதுண்ணா. ஆனா கம்மியாதான் இருக்குது."

"பயப்படாதே."

பட்ஜெட் அன்று நான் ஊரில்கூட இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்களாகச் சேர்ந்து வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போனோம். பல நாளாகப் போட்டிருந்த திட்டம், கரியாலூர் பக்கம் அருவியில் குளித்துவிட்டு பிரியாணி சாப்பிட்டுத் திரும்புவது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியதும் போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாக மறைந்தது. அருவியில் தண்ணீர் நூல்மாதிரி விழுந்துகொண்டிருந்தது. குளித்தவர்கள் பாதி முதுகை நனைத்துக்கொண்டு திரும்பினார்கள். எனக்குக் குளிக்கத் தோன்றவில்லை. மேலே ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் சிக்னல் கிடைக்கும் என்று டிரைவர் சொன்னார். அங்கே போய் நின்றேன். பின்னாலேயே துண்டைப் பிழிந்துகொண்டு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் வரியைப் பற்றித் தெரிய வேண்டும்.

கணக்கு வாத்தியார்தான் முதலில் கத்தினார். "வரி கொறைச்சிட்டான்யா! நம்ம பென்ஷனுக்கு இனிமே ஒண்ணும் கட்ட வாணாம்!"

"நெஜமாவா? திருப்பிப் பாரும்."

"ரெண்டு தபா பாத்துட்டேன்யா."

"அப்ப பிரியாணி ஒம்ம செலவு."

வேனுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் மனதில் உடனே ஓடியது, மிச்சமாகும் வரியில் படுக்கையறைக்கு ஒரு ஏசி வாங்கலாம் என்பது. அது முதலில் ஓடியது. தங்கையின் பத்திரம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. வரியை விட்டுக்கொடுத்தால் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விலைப் பக்கத்தைத் திறந்தேன். வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திறந்தபோது காலையில் பார்த்ததைவிட விலை இறங்கியிருந்தது. எதிர்பார்த்ததற்கு மேலே கடன் வாங்கப்போகிறார்கள்.

அந்த வளைவிலேயே போன் அடித்தது.

"அண்ணா, டீவில பட்ஜெட்டு முடிஞ்சிடுச்சி. ஏறிச்சா?"

"இன்னும் சரியா தெரியல. இங்க சிக்னல் இல்ல."

"எறங்கி இருந்தாலும் பரவால்லண்ணா. வித்துடு. மிச்சத்துக்கு எங்கனா பொரட்டிக்கறோம். ஊட்டுக்காரர் கைமாத்து கேட்டு வெச்சிக்கினு இருக்காரு. விக்கலாமா?"

அவள் குரல் நன்றாகத்தான் கேட்டது. சிக்னல் இல்லை என்பதும் பொய். அப்போது விற்றிருந்தால் வயல் அவளுடையது. துண்டு விழுவதை அவர்களே புரட்டியிருப்பார்கள். நான் ஒரு பைசா போட வேண்டியதில்லை. தப்பு என்று ஒப்புக்கொண்டால் மட்டும் போதும்.

"இன்னும் ஒரு வாரம் பொறு" என்றேன். "பட்ஜெட் அன்னைக்கு எப்பவும் ஆடும். அப்புறம் திரும்பிடும்."

"ஒனக்குத் தெரியும்ணா" என்று வைத்துவிட்டாள்.

பின்னால் ஒருவர், "பேராசிரியரே, பிரியாணி ஆறுது" என்று கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்த இலையில் கை வைத்ததை நினைத்தால் எனக்கு என் கைமேல் வெறுப்பு வருகிறது.

விலை திரும்பவில்லை. அந்த வாரமே இரண்டு மாநிலங்கள் பெரிய கடனுக்கு வந்து நின்றன. ஒவ்வொரு நாளும் பார்த்தேன், ஒவ்வொரு நாளும் இறங்கியது. இன்றைக்கு விற்றால் நேற்று விற்காதது முட்டாள்தனம் ஆகிவிடும் என்பதாலேயே விற்காமல் இருந்தேன். தை முடிந்தது. மாப்பிள்ளை சென்னைக்கே போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கு வேறு ஆள் முழுப் பணத்தோடு தயாராக இருந்தார். அட்வான்ஸில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். ஊர் அதைப் பெருந்தன்மை என்று பேசியது.

மாசியில் ஒருநாள் தங்கை தனியாக என் வீட்டுக்கு வந்தாள். அன்று காலையில்தான் ஏசி வந்து இறங்கியிருந்தது. மாட்டுவதற்கு ஆள் வரவில்லை. அட்டைப்பெட்டி கூடத்தில் நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "புதுசா?" என்றாள். "ஆமா" என்றேன். அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், பாடம் நடத்தினேன். அரசின் கடன் ஏன் ஏறுகிறது, நீண்ட காலப் பத்திரம் ஏன் இறங்குகிறது என்று ஆரம்பித்தேன். பேசப் பேசக் கோபம் ஏறியது. என் கோபம் போய் நின்ற இடம் இது.

"எல்லாத்துக்கும் காரணம் யாரு? நீங்கதான். மாசாமாசம் தொகை வாங்கிக்கிறீங்க. ஓசி பஸ்ல போறீங்க. இன்னும் எவன் குடுப்பான்னு பார்த்து ஓட்டுப் போடுறீங்க. கவர்மென்ட் எங்கேயிருந்து குடுக்கும்? கடன் வாங்கித்தான் குடுக்கும். கடன் வாங்கினா பத்திரம் விழத்தான் விழும்."

அவள் ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"இன்னிக்குக் கூட ரெண்டு ஓசி பஸ்ஸு மாறிதாண்ணா வந்தேன். அதுனால எவ்ளோ எறங்கிச்சின்னு கணக்கு போட்டுச் சொல்லு. தெரிஞ்சிக்கறேன்."

நான் அட்டைப்பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"சொல்லுண்ணா. நீ தான் வாத்தியாராச்சே."

"நான் பொதுவா சொன்னேன்."

"நான் பொதுவா எதுவும் கேக்கல. நான் ஒன்னக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. விக்கலாமா வாணாமா? நீ வாணாம்னே. எறங்கிச்சின்னு சொல்லியிருந்தா நான் என்ன ஒன்ன அடிச்சிடுவனா? எறங்கினா இன்னா? எனக்கு இன்னாத்துக்கு அது ஏறணும்? எனக்கு நெலம்தானே வேணும்!"

அழவில்லை. எழுந்து போய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் அவளிடம் சொன்னது எவ்வளவு அயோக்கியத்தனம் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். என் பென்ஷன் வானத்திலிருந்து வருவதில்லை. பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று கள்ளக்குறிச்சியில் நடந்த ஊர்வலத்தில் கொடி பிடித்துப் போனவன் நான். அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் இனிப்பு வாங்கினவன். வரி குறைந்ததற்கு மலைமேல் நின்று கைதட்டினவன். அரசு வாங்குகிற கடனில் எனக்கு வருகிற பங்குக்கு முன்னால் அவளுக்குப் போவது கொசுறு. அதையும் அவள் அரிசிக்கும் மாத்திரைக்கும் செலவழிக்கிறாள். நான் வரி மிச்சத்தை நம்பி வாங்கிய ஏசிப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளை ஏசினேன். அரசுகளின் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வருகிற முப்பது வருடத்தையும் அடகு வைத்து இன்றைக்குக் கைதட்டல் வாங்குகிறார்கள், அதைச் சொல்லிக்கொண்டேதான் சாவேன். ஆனால் அவர்கள் தங்கையின் நிலத்தை எடுக்கவில்லை. அவர்கள் விலையைக் கொஞ்சம் இறக்கினார்கள். மிச்சத்தை நான் செய்தேன்.

அந்தப் பத்திரத்தை அப்படியே வைத்திருந்தால் முழுப் பணம் திரும்ப வரும், எங்கேயும் போகாது. அப்போது தங்கைக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருக்கும்.

சித்திரையில் நான் டெபாசிட்டை உடைத்துப் பணம் எடுத்துக்கொண்டு களமருதூர் போனேன். வயலில் வரப்புகளை இடித்து மண் கொட்டி நிரவியிருந்தார்கள். மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லுக்குக் குழி தோண்டுகிற கூலி ஆட்களில் மாப்பிள்ளையும் இருந்தார். என்னைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க மச்சான். வெயில்ல எதுக்கு நிக்கறீங்க, வூட்டுக்குப் போங்க. அவ உள்ளதான் இருக்கா."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பனியன் முழுக்கச் செம்மண்.

தங்கை பணத்தைத் தொடவில்லை. "இப்ப இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். "பத்திரத்த மட்டும் வித்துக் குடு. இன்னா வருதோ வரட்டும். பொறுன்னு மட்டும் இனிமே சொல்லாத."

அங்கேயே, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து விற்றேன். கிடைத்த விலைக்கு.

அந்தப் பணத்தில் அவள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மனைகளில் இரண்டை வாங்கினாள். முழு வயலையும் வாங்க இருந்தவள், அதே மண்ணைச் சதுர அடிக் கணக்கில் வாங்கினாள். இரண்டு மனைக்கும் மனை வியாபாரி சொன்ன விலைக்கு வயலில் பாதியை வாங்கியிருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பின்வாசலைத் திறந்தால் வேறொருவன் சுவர் தெரியக்கூடாது என்பதற்காக வாங்குகிறாள் என்று மாப்பிள்ளை சொன்னார். கீரையும் கொஞ்சம் கத்திரியும் போடப்போகிறாளாம்.

கிரயத்துக்குச் சாட்சி வேண்டும் என்று போன் செய்தாள். "உளுந்தூர்பேட்டைக்கு வந்துடு. நீ ஒண்ணும் பேச வாணாம்ணா. கையெழுத்து போட்டுட்டுப் போ."

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவரின் கடையில் உட்கார்ந்தோம். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து கும்பிட்டார். என்னிடம் படித்தவராம். தங்கையிடம், "ஒங்க அண்ணனா இவரு? இவருகிட்ட படிச்சவங்க எல்லாம் நல்லா இருக்கறோம்மா" என்றார். எனக்கு டீ சொன்னார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. பொண்ணு கல்யாணத்துக்குன்னு கொஞ்சம் சேத்து வெச்சிருக்கேன். இன்னும் நாலஞ்சி வருஷம் இருக்குது. வட்டி எறங்கிக்கினே போவுது. கவர்மென்ட் பத்திரம் சேஃப்னு சொல்றாங்களே, லாங் டேர்ம்ல போட்டுடலாமா சார்?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. முதல் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தங்கை ஆவணத்தின் கடைசிப் பக்கத்தை என் பக்கம் நகர்த்தி, பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"கல்யாணத்துக்கு வெச்சிருக்கறத கல்யாணம் வர்றப்ப எடுக்கற மாதிரி போடுங்க தம்பி" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்கதாண்ணா, சாட்சின்னு போட்டிருக்குது பாரு" என்றாள்.

போட்டேன்.